தாயின் உணவும் பிள்ளையின் உடலும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

மனித உடலை இயற்கையின் பாற்படுத்தியும் மனித சமூகத்தை வரலாற்றின் பாற்படுத்தியும் நோக்கும் வழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இப்பிரிவினையின்படி உடல் மருத்துவருக்கும் உயிரியலாளருக்கும் உரியது. சமூகம் வரலாற்றாசிரியருக்கும் இலக்கிய ஆய்வாளருக்கும் உரியது. ஆயின், கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் மருத்துவ ஆய்வுலகில் உருப்பெற்ற ஒரு கருத்து இவ்வெல்லைக் கோட்டைப் பெரிதும் வலுவிழக்கச் செய்துள்ளது. தாய் கருவுற்றிருக்கும் காலத்தில் உண்ணும் உணவும், அவளது உடலின் மெலிவும் பருமனும், அவளது குருதியிலுள்ள குளுக்கோசின் அளவும், அவள் பெற்றெடுக்கும் பிள்ளை நடுவயதை அடையுங்காலத்து நீரிழிவு, இருதய நோய், உடற்பருமன் ஆகியவற்றுக்கு ஆளாகும் வாய்ப்பினைப் பாதிக்கின்றன என்பதே அக்கருத்தாகும்.

இக்கருத்து எவ்வெச் சான்றுகளின் அடியாகத் தோன்றிற்று என்பதை ஆராய்வதும், அது சமூகத்திற் பயன்படுத்தப்படும் முறையை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். தாயின் உணவு பிள்ளையின் உடலைப் பாதிக்கின்றது எனின், தாயின் உணவைத் தீர்மானிப்பது யாது என்னும் வினா உடன் எழுகின்றது. முதல் வினாவுக்கு விடை தேடிய ஆய்வுகள் பல. இரண்டாவது வினாவோ பெரும்பாலும் கேட்கப்படாமலே விடப்பட்டுள்ளது. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கும்போதுதான் பிரச்சினையின் முழுமை புலப்படும்.

2

தாய்மாரின் உணவுக்கும் வர்க்க நிலைமைக்குமிடையே உள்ள தொடர்பு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கவனத்துக்கு வந்த ஒன்றாகும். 1845இல் வெளியான இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றிய நூலில், பிள்ளை பெற்ற சில நாள்களிலேயே ஆலைக்குத் திரும்ப வேண்டியிருந்த பெண்களைப் பற்றி ஏங்கெல்ஸ் எழுதினார். 1863இல் எட்வேட் ஸ்மித் என்னும் மருத்துவர் பிரித்தானிய அரசின் பொருட்டு வறிய தொழிலாளரின் உணவினை ஆராய்ந்தார். விவசாயக் கூலிகளின் குடும்பங்களில் உணவுப் பற்றாக்குறை பெரும்பாலும் மனைவியையும் பிள்ளைகளையுமே தாக்கியது என அவர் கண்டார். ஆண் உண்டாலன்றி அவனால் உழைக்க முடியாது என்பதே அதற்குக் காரணம். இவ்வறிக்கையை மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்தில் எடுத்தாண்டுள்ளமை குறிப்பிடத்தக்கது. உழைப்புச் சக்தியை நாள்தோறும் மீளுற்பத்தி செய்வதன் செலவு, அடுத்த தலைமுறையை உருவாக்கும் பெண்ணின் உணவிலிருந்தே கழிக்கப்பட்டது என்பது இதன் பொருளாகும்.

ஆளும் வர்க்கம் இவ்வுண்மையில் அக்கறை கொண்டது மனிதாபிமானத்தாலன்று, ஏகாதிபத்தியத் தேவையாலேயே. 1899 முதல் 1902 வரை நடைபெற்ற போயர் யுத்தத்தின்போது படைக்குச் சேர வந்த இளைஞர் பலர் உடற்றகுதியின்மையால் நிராகரிக்கப்பட்டனர். அதையொட்டி அமைக்கப்பட்ட குழு உடல்நலச் சீர்கேடு பற்றிய தன் அறிக்கையை 1904இல் வெளியிட்டது. பேரரசைக் காக்கப் போர்வீரர் தேவை; போர்வீரரைப் பெற நலமுள்ள தாய்மார் தேவை என்னும் தர்க்கம் அக்காலத்து அரசியலிற் செல்வாக்குப் பெற்றது.

இச்சூழலிலேயே ஹேர்ட்போட்ஷயர் மாவட்டத்தில் எத்தல் மார்கரெட் பர்ன்சைட் என்னும் பெண் சுகாதார அதிகாரி குறிப்பிடத்தக்க பணியொன்றை ஆற்றினார். அவரது மேற்பார்வையில் 1911 முதல் மருத்துவிச்சிகளும் சுகாதார உத்தியோகத்தரும் அம்மாவட்டத்துக் குழந்தைகளின் பிறப்பு நிறையையும், ஒரு வயது நிறைவில் அவர்களின் நிறையையும், தாய்ப்பால் ஊட்டப்பட்டதா புட்டிப்பால் ஊட்டப்பட்டதா என்பதையும் பேரேடுகளிற் பதிந்து வந்தனர். அப்பேரேடுகள் அரை நூற்றாண்டுக்குப் பின்னர் எத்தகைய பயனைத் தரும் என்பதை எழுதியோர் அறிந்திருக்க நியாயமில்லை.

அதே காலத்தில் தாய்மாரே தமது நிலையை எழுத்தில் வடித்த ஆவணமொன்றும் தோன்றிற்று. பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தினர் 1915இல் மார்கரெட் லுவெலின் டேவிசைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட 'தாய்மை' என்னும் தொகுப்பில் தொழிலாளப் பெண்களின் 160 கடிதங்கள் இடம்பெற்றன. கருவுற்ற காலத்திலும் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் உணவிட்டு எஞ்சியதை உண்டமையும், பேற்றுச் செலவுக்கெனத் தம் உணவைக் குறைத்துப் பணம் சேமித்தமையும் அக்கடிதங்களிலே திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. இலக்கிய மாணவர் இத்தொகுப்பினைத் தொழிலாளி வர்க்க உரைநடையின் முக்கிய சான்றாகவும் கொள்ளலாம். 1911ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டத்தின்படி கிடைத்த பேற்று உதவிப்பணம் தாயின் சொந்த உடைமை என 1913இல் ஆக்கப்பட்டது இச்சங்கத்தின் போராட்டத்தின் பேறாகும். பேரேட்டில் எண்ணாகப் பதியப்பட்ட பெண், இக்கடிதங்களிலே தன்னுரிமை கோரும் மனிதப் பிறவியாகக் காட்சியளிக்கிறாள்.

3

1980களில் சவுத்ஹாம்ப்டனைத் தளமாகக் கொண்டு ஆய்வு நடத்திய டேவிட் பார்க்கர் ஒரு முரண்பாட்டை எதிர்கொண்டார். இருதய நோய் செல்வச் செழிப்பின் நோய் என்பது அக்காலத்தில் பரவலான நம்பிக்கை. ஆயின் இங்கிலாந்திலும் வேல்சிலும் அந்நோயால் இறந்தோர் தொகை வறிய பிரதேசங்களிலேயே உயர்ந்து காணப்பட்டது. அவரும் கிளைவ் ஒஸ்மண்டும் 212 உள்ளூராட்சிப் பிரிவுகளை ஆராய்ந்து, 1921 முதல் 1925 வரை சிசு மரணம் மிகுந்திருந்த இடங்களே 1968 முதல் 1978 வரை இருதய நோய் மரணம் மிகுந்த இடங்களாகவும் இருந்தன என 1986இல் எடுத்துக்காட்டினர்.

இதனைத் தனியாட்களின் வாழ்வில் வைத்துச் சோதிப்பதற்கு ஹேர்ட்போட்ஷயர்ப் பேரேடுகள் உதவின. 1911 முதல் 1930 வரை பிறந்த 5,654 ஆண்களின் பின்வரலாறு தேடி அறியப்பட்டது. பிறப்பிலும் ஒரு வயதிலும் நிறை குறைந்திருந்தோரிடையே இருதய நோய் மரணம் மிகுதியாக இருந்தமை 1989இல் வெளியிடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் நீரிழிவுக்கும் இதையொத்த தொடர்பு காணப்பட்டது. இதன் அடிப்படையில் ஹேல்சும் பார்க்கரும் 1992இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தனர். கருவில் ஊட்டம் குறையும்போது சிசுவின் உடல் மூளையைக் காத்துக்கொண்டு ஏனைய உறுப்புகளின் வளர்ச்சியைச் சுருக்குகின்றது. இன்சுலினைச் சுரக்கும் சதையியின் வளர்ச்சியும் அவ்வாறு குறைகின்றது. பின்னாளில் உணவு பெருகுமாயின், வறுமைக்கென அமைந்த உடல் அதனைத் தாங்கமாட்டாது நோயுறுகின்றது. சுருங்கக் கூறின், கருவறையில் நிலவிய நிலைமைக்கும் பிற்கால வாழ்க்கை நிலைமைக்கும் இடையிலான முரண்பாடே நோயாக வெளிப்படுகின்றது.

இக்கோட்பாட்டுக்கு எதிராக எழுந்த முக்கிய விமர்சனம் ஒன்றுண்டு. வறிய வீட்டிற் பிறந்தவர் பெரும்பாலும் வறுமையிலேயே வளர்ந்து, வறுமையிலேயே உழைத்து மடிகின்றார். அவ்வாறாயின் அவரது நோய்க்குக் கருவறை காரணமா, வாழ்நாள் முழுவதும் காரணமா? நியாயமான இவ்வினாவுக்கு விடைகாணத் தாயின் பட்டினியை வாழ்நாள் வறுமையினின்றும் பிரித்துக் காட்டும் வரலாற்று நிகழ்வொன்று தேவைப்பட்டது. அத்தகைய நிகழ்வை யுத்தமே தந்தது.

4

1944 செப்டெம்பரில் நேச நாட்டுப் படைகளின் முன்னேற்றத்துக்குத் துணையாக, லண்டனிலிருந்த நெதர்லாந்து அரசு ரயில்வே ஊழியரைப் பணிநிறுத்தம் செய்யுமாறு கேட்டது. ஊழியர் அதற்கிணங்கினர். அதற்குப் பழிவாங்கும் முகமாக ஜேர்மன் ஆக்கிரமிப்பாளர் மேற்குப் பகுதி நகரங்களுக்கான உணவுப் போக்குவரத்தைத் தடைசெய்தனர். நவம்பரில் நீர்வழிப் போக்குவரத்துக்கு அனுமதி வழங்கப்பட்டபோதிலும், கடுங்குளிரால் கால்வாய்கள் உறைந்துபோயின. அம்ஸ்டர்டாமில் ஒருவருக்குரிய பங்கீட்டு உணவு நவம்பர் இறுதியில் நாளொன்றுக்கு 1,000 கலோரிக்குக் கீழே சென்றது. டிசெம்பர் முதல் ஏப்ரல் வரை 400 முதல் 800 கலோரி வரையில் நின்றது. மக்கள் துலிப் கிழங்கையும் சீனிக் கிழங்கையும் உண்டனர்; வீட்டுப் பொருள்களைச் சுமந்துசென்று கிராமங்களில் உணவுக்கு மாற்றினர். 1945 மே மாதம் விடுதலை கிடைப்பதற்குள் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர்.

இப்பஞ்சத்தின் தொடக்கமும் முடிவும் திட்டவட்டமானவை. அதற்கு முன்னரும் பின்னரும் போதிய உணவு இருந்தது. எனவே, கருவின் எந்த மாதத்தில் எவர் பட்டினிக்கு உட்பட்டார் என்பதைப் பிறந்த தேதியைக் கொண்டே கணிக்கக்கூடியதாயிற்று. இதனை விரிவாக ஆராய்ந்த சீனா ஸ்டைன், மேர்வின் சசர் ஆகிய இருவரும் தென்னாபிரிக்க மருத்துவர்கள். ஜொகன்னஸ்பேர்க்கின் அலெக்சாந்திரா குடியிருப்பில் கறுப்பின மக்களிடையே பணியாற்றி, நிறவெறி ஆட்சியை எதிர்த்து 1950களில் நாட்டைவிட்டு வெளியேறியவர்கள். இவர்களது குழுவின் நூல் 1975இல் வெளிவந்தது. பஞ்ச காலத்தில் கருத்தரித்தல் பொதுவாகக் குறைந்ததாயினும், உடலுழைப்பாளர் குடும்பங்களிலேயே அது கூடுதலாகக் குறைந்தது என அவர்கள் கண்டனர். ஒரே நகரத்தின் பட்டினிகூட வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபட்டது என்பதற்கு இது சான்றாகும்.

1976இல், இராணுவப் பரிசோதனைக்கு வந்த 19 வயது இளைஞர் 300,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்து ரவெலி, ஸ்டைன், சசர் ஆகியோர் எழுதிய கட்டுரை மேலும் முக்கியமானது. கருவின் முதற்பாதியில் பஞ்சத்துக்கு உட்பட்டோரிடையே உடற்பருமன் மிகுந்தும், கருவின் இறுதி மாதங்களிலும் பிறந்த உடனடிக் காலத்திலும் உட்பட்டோரிடையே குறைந்தும் காணப்பட்டது. தாயின் பசி மகனிடத்துப் பருமனாக வெளிப்படலாம் என்பது எளிதில் எதிர்பார்க்கப்படாத முடிவாகும். பஞ்சத்தின்போது கருவிலிருந்தோர் ஐம்பது வயதளவில் குளுக்கோசை உரிய முறையிற் கையாளும் ஆற்றலிற் குறைந்திருந்தமை 1998இல் வெளியான ஆய்வினாற் புலனாயிற்று. அறுபது ஆண்டுகளின் பின்னரும் அவர்களது குறிப்பிட்டதொரு பரம்பரையலகின் மீதுள்ள மெதைல் அடையாளங்கள் அவர்களின் உடன்பிறந்தோரினின்றும் வேறுபட்டிருந்தமை 2008இல் அறியப்பட்டது.

இங்கு லெனின்கிராட் முற்றுகையுடன் ஒப்பிடுதல் தகும். 1941 முதல் 1944 வரை நீடித்த அம்முற்றுகையின்போது கருவிலிருந்தோரிடம் இத்தகைய குளுக்கோசுக் குறைபாடு காணப்படவில்லை என 1997ஆம் ஆண்டு ஆய்வொன்று கூறிற்று. லெனின்கிராட்டில் பற்றாக்குறை முன்னரும் பின்னரும் நீடித்தது; நெதர்லாந்திலோ பஞ்சத்தை அடுத்து உணவு விரைவிற் பெருகியது. இவ்வேறுபாடே முடிவுகளின் வேறுபாட்டுக்கும் காரணமாகலாம் எனப் பலரும் கருதுவர். அவ்வாறாயின், தாயின் பட்டினி தனித்து நின்று பிள்ளையின் விதியைத் தீர்மானிப்பதில்லை. பின்வரும் சமூக நிலைமையோடு சேர்ந்தே அது செயற்படுகின்றது என்பது பெறப்படும்.

5

இதுவரை குறை உணவின் விளைவுகளை நோக்கினோம். தாயின் உடற்பருமனும் நீரிழிவும் தரும் விளைவுகள் இதன் மறுபக்கமாகும். தாயின் குருதியிலுள்ள குளுக்கோசு சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவைச் சேரும். தாயின் இன்சுலினோ அவ்வாறு சேர்வதில்லை. எனவே சிசு தன் சதையியினின்றும் மிகுதியான இன்சுலினைச் சுரந்து கொழுப்பைச் சேர்க்கின்றது என்னும் விளக்கத்தைக் கோபன்ஹேகனைச் சேர்ந்த யோர்கன் பெடர்சன் 1950களில் முன்வைத்தார். இதன் நீண்டகால விளைவுகளை ஐயத்துக்கிடமின்றிக் காட்டிய ஆய்வு, ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கீலா ஆற்றங்கரையில் வாழும் பழங்குடியினரிடையே நடைபெற்றது.

பிமா எனப் பிறரால் அழைக்கப்படும் இம்மக்கள் தம்மை அக்கிமெல் ஓஓதாம், அதாவது ஆற்று மக்கள், என அழைத்துக்கொள்வர். பாலைநிலத்தில் கால்வாய் வெட்டி வேளாண்மை செய்த தொன்மை அவர்களுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிச் சென்றோருக்கும் அமெரிக்கப் படைகளுக்கும் கோதுமை விற்கும் அளவுக்கு அவர்களிடம் விளைச்சல் மிகுந்திருந்தது. பின்னர் ஆற்றின் மேற்பகுதியிற் குடியேறிய வெள்ளையர் நீரைத் தம் வயல்களுக்குத் திருப்பிக்கொண்டனர். அந்நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் ஆறு வற்றி, வயல் காய்ந்து, பஞ்சம் சூழ்ந்தது. 1930இல் திறக்கப்பட்ட கூலிட்ஜ் அணைக்கட்டும் இழந்த நீரை அவர்களுக்கு உரிய அளவில் மீட்டுத் தரவில்லை. அவரையும் சோளமும் மெஸ்கீட் நெற்றும் உண்டு, வயலில் உழைத்த மக்கள், அரசு வழங்கிய வெள்ளைக் கோதுமை மா, பன்றிக் கொழுப்பு, சீனி ஆகியவற்றை நம்பி வாழவேண்டியவராயினர். உற்பத்திச் சாதனத்தை இழந்தவர் தம் உணவின் மீதான ஆளுகையையும் இழப்பர் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அரிது.

1908இல் வெளியான ஹெர்ட்லிச்காவின் அறிக்கையில் இம்மக்களிடையே ஒரேயொரு நீரிழிவு நோயாளியே குறிக்கப்பட்டுள்ளார். 1937இல் ஜொஸ்லின் 21 பேரைக் கண்டார். 1965இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் தொடங்கிய நெடுங்கால ஆய்வின் முடிவுகள் 1971இல் வெளிவந்தபோது, 35 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் நீரிழிவாளர் என்பது தெரியவந்தது. டேவிட் பெட்டிட்டும் பிறரும் 1988இல் வெளியிட்ட முடிவுகள் தாய் வழியான தொடர்பைக் காட்டின. கருவுற்றபோது நீரிழிவுடனிருந்த தாய்மாரின் பிள்ளைகளில் 45 சதவீதத்தினர் 20 முதல் 24 வயதுக்குள் நீரிழிவாளராயினர். நீரிழிவில்லாத தாய்மாரின் பிள்ளைகளில் அவ்விகிதம் 1.4 சதவீதமே.

இதனைப் பரம்பரையலகின் செயல் என விளக்க முடியாதா? ஜேம்ஸ் நீல் 1962இல் முன்வைத்த 'சிக்கனப் பரம்பரையலகு' என்னும் கருதுகோள் இம்மக்களைப் பற்றிய பேச்சில் நெடுங்காலம் ஆதிக்கம் செலுத்தியது. ஆயின் 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை ஒப்பிட்டது. தாய்க்கு நீரிழிவு ஏற்பட்டபின் பிறந்தோர், அதற்கு முன் பிறந்த தம் உடன்பிறப்புகளைவிட நீரிழிவுக்கு ஆளாகும் வாய்ப்பு மிகுந்தவராயிருந்தனர்; தந்தையின் நோயைப் பொறுத்தமட்டில் இவ்வேறுபாடு காணப்படவில்லை. 2006இல் வெளியான மற்றோர் ஆய்வு, மெக்சிக்கோவின் மாய்க்கோபா மலைப்பகுதியில் உடலுழைப்புடனும் பழைய உணவுடனும் வாழும் பிமா மக்களிடையே நீரிழிவு 6.9 சதவீதம் எனவும், அரிசோனாவில் அது 38 சதவீதம் எனவும் காட்டிற்று. குருதி உறவு ஒன்றே, வாழ்நிலை வேறு.

இவ்வாறு ஆற்றுநீர் கொள்ளையிடப்பட்ட வரலாறு முதலில் உணவாக மாறி, பின் தாயின் உடல்நிலையாக மாறி, அதன்பின் மகளின் கருவறைச் சூழலாகவும் மாறுகின்றது. இளவயதிலேயே நீரிழிவுக்குள்ளாகும் மகள் அந்நிலையிலேயே தாயாகின்றாள். கொள்ளையிட்டோர் மறைந்து நூறாண்டு கழிந்த பின்னரும் கொள்ளையின் விளைவு ஒவ்வொரு பிறப்பிலும் புதுப்பிக்கப்படுகின்றது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி ஆண்டுக்கு 653,500 ஏக்கர் அடி நீருக்கான உரிமையை அம்மக்கள் பெற்றமை இவ்வகையில் ஒரு சுகாதார நிகழ்வுமாகும்.

6

மேற்கூறிய வரலாறு அனைத்தும் நிலவுடைமை, யுத்தம், கூலி, பங்கீடு ஆகியவற்றின் வரலாறாகவே அமைந்திருக்க, அதிலிருந்து பெறப்பட்ட அறிவு நடைமுறையில் தாய்க்குரிய அறிவுரையாகச் சுருங்கிவிட்டமை கவலைக்குரியது. இதை உண், அதை உண்ணாதே, நிறையைக் குறை என்னும் கட்டளைகள் தாயை நோக்கியே பிறப்பிக்கப்படுகின்றன. சேரா ரிச்சட்சனும் பிற அறிஞரும் இவ்வாறு தாய்மாரைக் குற்றவாளிகளாக்கும் போக்கினை 2014இல் வன்மையாகக் கண்டித்தனர்.

அறிவுரையின் பயன் எத்தகையது என்பதையும் ஆய்வுகளே காட்டியுள்ளன. உடல் நிறை மிகுந்த கர்ப்பிணிகள் 2,212 பேரிடம் அவுஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான பரிசோதனையிலும், உடற்பருமனுள்ள 1,555 கர்ப்பிணிகளிடம் பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான பரிசோதனையிலும், உணவு உடற்பயிற்சி ஆலோசனைகள் பருத்த குழந்தைகள் பிறப்பதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. கருவுற்ற பின் தொடங்கும் அறிவுரை, பல தலைமுறையாகச் சேர்ந்த நிலைமையைச் சில மாதங்களில் மாற்றிவிட மாட்டாது.

அதே வேளை, எதிர்த்திசையிலான தவறொன்றையும் சுட்டிக்காட்டுதல் அவசியமாகும். எல்லாம் பொருளாதாரமே எனக் கூறி உடலின் தன்மையைப் புறக்கணிப்பது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். நெதர்லாந்தில் பஞ்சம் தீர்ந்தபோதும் அதன் சுவடு உடலில் எஞ்சிற்று. உணவு கிடைத்த மறுகணமே அது அழிந்துவிடவில்லை. உயிரியும் சூழலும் ஒன்றையொன்று ஆக்குகின்றன என 1985இல் லெவின்சும் லெவொன்டினும் தமது 'இயங்கியல் உயிரியலாளர்' என்னும் நூலில் வாதிட்டமை இங்கு நினைவுகூரத்தக்கது. சுவடு எஞ்சுகின்றது என்பதனாலேயே நிலைமையை மாற்றும் பணி மேலும் அவசரமானதாகின்றது.

7

இவ்வாராய்ச்சி நமக்கு அந்நியமானதன்று. பூனாவை அடுத்த கிராமங்களில் 1990களில் யாஜ்னிக் குழுவினர் ஆராய்ந்த குழந்தைகள் பிறப்பில் சராசரி 2.7 கிலோ நிறையே உடையவராயினும், பிரித்தானியக் குழந்தைகளோடு ஒப்பிடுகையில் தசை குறைந்தும் கொழுப்பு ஒப்பளவில் மிகுந்தும் காணப்பட்டனர். மெலிந்த தாயின் மெலிந்த பிள்ளையே நாளைய நீரிழிவாளராகும் நிலை தென்னாசியாவுக்குப் பொதுவானது. இலங்கையில் குறைந்த நிறையுடன் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் நெடுங்காலமாகப் பெருந்தோட்டத் துறையிலேயே உயர்வாக இருந்து வந்துள்ளது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூலி, அவளது லயத்தின் அடுப்பு, அவளது பிள்ளையின் பிறப்பு நிறை ஆகியவற்றைத் தனித்தனி விடயங்களாகக் கொள்ள முடியாது.

1979இல் அரிசிப் பங்கீட்டின் இடத்தில் உணவு முத்திரைத் திட்டம் கொண்டுவரப்பட்டது. முத்திரையின் பெறுமதி ரூபாயில் நிலைத்து நிற்க, விலைகள் உயர்ந்து சென்றன. அக்காலத்திற் கருவிலிருந்தோர் இன்று நாற்பதுகளில் உள்ளனர். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டிற்று. அம்மாதங்களிற் கருவிலிருந்தோர் இன்னும் பாலர் வகுப்பில் உள்ளனர். அவர்களது பிறப்பு நிறைகளும் தாய்மாரின் நிலைமையும் நம் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடுகளிலும் கர்ப்பிணிப் பதிவட்டைகளிலும் எழுதப்பட்டுள்ளன. ஹேர்ட்போட்ஷயர்ப் பேரேடுகள் அரை நூற்றாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தன. நமது பதிவேடுகளுக்கு அந்நிலை நேராமற் காப்பதும், அவற்றைத் தாய்மார் மீதான குற்றப்பத்திரமாகவன்றிக் கூலி, நிலம், உணவு விலை ஆகியன பற்றிய சமூக ஆவணமாக வாசிப்பதும் மருத்துவர், வரலாற்றாசிரியர் ஆகிய இரு சாராரதும் கடமையாகும்.